அஞ்சு கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே

தமிழ்நாட்டில் சாயங்காலம் ஏழரை மணிக்கு யாராவது டிவி முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டால் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்குகிறாள் என்றால், நடிக்கிற பெண் பாதிதான் அழுவாள். மீதியை என் வயலின் அழுது முடிக்கும்.

சீரியலுக்கு இசை போடுகிறவர்கள் தினமும் எபிசோடைப் பார்த்துப் பார்த்து வாசிப்பதாகத்தான் ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கெல்லாம் நேரம் ஏது? தொடர் ஆரம்பிக்கும் முன்பே ஒரு மூட்டை இசைத்துண்டுகளை வாசித்துக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் பேச்சில் அதற்கு 'பிட்' என்று பெயர். அழுகை பிட் எட்டு, அதிர்ச்சி பிட் ஆறு, மாமியார் யோசிக்கிற பிட் ஒன்று, மாமியார் யோசித்து முடித்த பிட் ஒன்று. எடிட்டர் தனக்கு வேண்டியதை எடுத்து ஒட்டிக்கொள்வார். நான் ஒரு நாள் உட்கார்ந்து அழுததை அவர்கள் நாலு வருஷம் ஒளிபரப்புவார்கள். இந்த வேலையை மட்டமாகப் பேசுகிறவர்கள் ஒரே ஒரு அழுகை பிட் வாசித்துக் காட்டட்டும், பிறகு பேசுவோம்.

என் அப்பாவும் அம்மாவும் சீர்காழிப் பக்கம் கூலிக்கு நாற்றுப் பறித்தவர்கள். பிறகு அப்பா குத்தகைக்கு எடுத்து, நான் ப்ளஸ் டூ படிக்கும்போது நாலு மா, அதாவது ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், எங்கள் பேரில் பட்டா ஆனது. நான் இசைப்பள்ளியில் வயலின் படித்தேன். சோற்றுக்குக் கீபோர்டு கற்றுக்கொண்டேன். பத்து வருஷம் மெல்லிசைக் குழுவில் வேனேறி, டெல்டாவில் ஒரு மாரியம்மன் பாக்கியில்லாமல் வாசித்தேன். அப்புறம் சென்னையில் ஒரு இசையமைப்பாளரிடம் கீபோர்டு புரோகிராமர் வேலை, அதற்கப்புறம் என் பேரிலேயே சீரியல்கள். சிங்கப்பூரில் இருந்த கணவர் வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்குக் கிழக்கே இருக்கும் தன் ஊரில் விவசாயம் பார்க்க வந்தபோது நானும் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தேன். சென்னையை விட்டால் சினிமா அவ்வளவுதான் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். இன்டர்நெட் எட்டுகிற இடமெல்லாம் கோடம்பாக்கம்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன், அது உண்மையாகவும் ஆயிற்று.

நெல் மூட்டை அடுக்கி வைக்கும் அறையைக் கணவர் காலி பண்ணிக் கொடுத்தார். சுவர் முழுக்கச் சாக்கும் பழைய மெத்தையும் அடித்து அதை ஒலிப்பதிவு அறையாக்கினேன். பக்கத்துக் கூடத்தில் கம்ப்யூட்டர். கிழக்கே வாய்க்கால், மேற்கே சுவரை ஒட்டி மோட்டார் கொட்டகை, அதைத் தாண்டி வயல். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில்தான் ஏசி இழுக்கும் என்பதால் அந்த நேரம் பார்த்து உட்கார்ந்து வேலை செய்வேன். இரண்டு வருஷத்தில் மூன்று சீரியல்களை அந்த அறையிலிருந்து முடித்துக் கொடுத்தேன்.

என் காதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டு மிக்ஸி எத்தனை கட்டையில் ஓடுகிறது என்று சொல்வேன். ஆர்மோனியத்தின் கட்டைகளை ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போவதுதான் எங்கள் சுருதிக் கணக்கு. பஸ் ஹாரன் நாலரைக் கட்டை, குக்கர் விசில் இன்னது என்று சொல்லிச் சொல்லி என் கணவரை அலுக்க வைத்திருக்கிறேன். எனக்குப் பாம்புச் செவி என்று குழுவில் எல்லாரும் சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் முதல் சினிமா வந்தது. இயக்குநர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். வந்து உட்கார்ந்ததும், "எங்கம்மா தினம் உங்க பிட்டுக்குத்தான் மேடம் அழுவுறாங்க. கதைக்கு அழுவுல," என்றார். ஆள் விவரமானவர் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

படத்தில் ஒரே ஒரு பாட்டு. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிகிறது. பிள்ளைகள் அவரவர் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். பெரியவரும் அவர் மனைவியும் கழுத்து மாலைகளைக் கட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஊர் திரும்புகிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த அம்மாள் தனக்குத்தானே பாடுகிறாள். கேட்டதுமே எனக்கு இது யார் குரல் என்று தெரிந்துவிட்டது.

அது எங்கள் குழுவில் பாடிய அக்காவின் குரல். வயது ஐம்பத்திரண்டு. சீர்காழி பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். முப்பது வருஷமாகத் திருவிழா மேடைகளில் பாடுகிறார், இன்றைக்கும் பாடுகிறார். மேடையில் பாடகருக்குச் சுருதி கொடுப்பது கீபோர்டுக்காரர் வேலை. நான் குழுவில் இருந்த பத்து வருஷமும் அக்காவுக்குச் சுருதி கொடுத்தது நான்தான். பாட்டுக்கு முன் திரும்பி என்னைப் பார்ப்பார், நான் கட்டையைத் தொடுவேன், அவர் ஆரம்பிப்பார். அந்தக் குரலில் சர்க்கரை கிடையாது. நாள் முழுக்க வேலை பார்த்த ஒரு பொம்பளை வேலை முடிந்து உட்கார்ந்து பேசுகிற குரல் அது.

இயக்குநருக்கு நம்பிக்கை வரவில்லை. "பேரே கேள்விப்படலியே மேடம். வெள்ளிக்கிழம நேர்ல வந்து கேக்கறேன். சரியா வந்தா சந்தோஷம். வரலைன்னா சென்னையில ஒருத்தங்களப் பாட வச்சிருவோம். அடுத்த வாரம் பஸ் சூட்டிங், எனக்குக் கையில பாட்டு வேணும்," என்றார்.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"என் பேரு வருமாடி?"

"திரையில கொட்டை எழுத்துல வரும்க்கா."

"முப்பது வருஷமா அடுத்தவங்க பாட்டையே பாடிட்டேன். எனக்குன்னு ஒண்ணு இருந்தாப் போதும். ஒண்ணே ஒண்ணு."

வெள்ளிக்கிழமை காலை அக்கா முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகைப்பூ. மைக்குக்கு முன்னால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்ல," என்றார். இயக்குநர் கூடத்தில் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என் கணவர் வாசலில் நின்றிருந்தார். குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. அவருக்கு நாற்றங்காலுக்கும் வீட்டுக்கும் நடக்கவே பொழுது சரியாக இருந்தது.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. ஹெட்போனை ஒரு காதில்தான் மாட்டுவார், மற்றதைத் திறந்தே வைப்பார். "ரெண்டையும் அடைச்சா கெணத்துக்குள்ள பாடற மாதிரி இருக்குடி," என்பார். மேடைக்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான், அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் கூடத்தில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு கேட்டேன். பாட்டை அஞ்சு கட்டையில் போட்டிருந்தேன். பெண் குரலுக்கு வசதியான இடம்.

முதல் வரியிலேயே குரல் இறங்கி வந்து மனசில் உட்கார்ந்தது. ஆனால் சேரவில்லை. என் இசைக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. நிறுத்தினேன்.

"அக்கா, சுருதி ஏறுது. பாத்துப் பாடுங்க."

மறுபடி பாடினார். அதே மயிரிழை. இன்னொரு தரம், அதே. குனிந்து பாடினார், கண்ணை மூடிப் பாடினார், தண்ணீர் குடித்துவிட்டுப் பாடினார். எட்டாவது தடவையில் இயக்குநர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் கூட்டி வந்த ஆள், என் வீடு, என் முதல் படம். கோபம் வந்தால் எனக்கு நாக்கு நிற்காது. மைக்கின் பொத்தானை அமுக்கினேன். அது அறைக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் வாசல் வரைக்கும் கேட்கும்.

"முப்பது வருஷமா என்னக்கா பாடினீங்க? ஒரு சுருதியில நிக்கத் தெரியலயா?"

சொல்லி முடித்ததுமே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை. உள்ளே அக்கா ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஒருமுறை, ஒரே ஒருமுறை, முழுப் பாட்டையும் நிறுத்தாமல் பாடினார். நான் தடுக்கவில்லை. முடித்ததும் ஹெட்போனைக் கழற்றித் தாங்கியில் மாட்டினார், பையை எடுத்துக்கொண்டார்.

"தம்பி, என்னைக் கொஞ்சம் பஸ் ஸ்டாப்புல விட்டுருங்க," என்று என் கணவரிடம் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கணவர் சொன்னதற்கு, பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்றார். அன்றைக்கு அவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

இயக்குநர் நல்லவிதமாகவே பேசினார். குரல் நன்றாக இருக்கிறது, மெஷினில் சுருதியைச் சரிசெய்துவிட முடியாதா என்று கேட்டார். செய்து பார்த்தேன். ஒவ்வொரு சுரத்தையும் பிடித்து மயிரிழை இறக்கினேன். இறங்கியது, ஆனால் அக்காவின் இழுப்பு, குழைவு, மூச்சு எல்லாம் இஸ்திரி போட்ட துணி மாதிரி தட்டையாகிப் போனது. இயக்குநர் கேட்டுவிட்டு, "இது வேணாம் மேடம், யாரோ மெஷின் பாடற மாதிரி இருக்கு. திங்கக்கிழம சென்னையில பாட வச்சிருவோம்," என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்கு நான் சொல்லவில்லை. அவரும் என் போனை எடுக்கவில்லை.

மறுநாள் காலை, சென்னையில் பாடுகிறவருக்கு மாதிரி வேண்டுமென்று, அக்கா கடைசியாக முழுசாகப் பாடியதைப் பதிவானபடியே அங்கே இருக்கும் மிக்ஸிங் இன்ஜினியருக்கு அனுப்பினேன். எப்போதும் நான் குரலுக்குக் கீழே இருக்கிற கனமான ஓசைகளை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவேன், கேட்பதும் அப்படித்தான். அன்றைக்கு இருந்த எரிச்சலில் எதையும் வெட்டவில்லை.

அரைமணியில் அவர் போன் போட்டார். "மேடம், அடியில தம்புரா மாதிரி ஒண்ணு போட்டிருக்கீங்களே, சூப்பர். அந்தம்மா குரல் அதோட கன கச்சிதமா நிக்குது. ஆனா உங்க கீபோர்டுதான் அதோட சேரல."

"நான் தம்புரா எதுவும் போடலியே."

"இல்ல மேடம், இருக்கு. தனியாப் பிரிச்சு அனுப்பறேன், கேளுங்க."

அனுப்பினார். ஸ்பீக்கரில் போட்டேன். 'ம்ம்ம்' என்று ஒரே சீரான ஒரு முனகல். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கணவர் முழங்கால் வரை சேற்றோடு தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். சொம்பை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தி, "நம்ம மோட்டார எதுக்குப் பாட்டுல போட்டிருக்க?" என்றார்.

"எது?"

"நம்ம மோட்டாரு. பேரிங் மாத்தணும்னு போன வாரமே சொன்னேன்ல, அந்த இரைச்சலும் கூடவே வருது பாரு."

ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். அவர் ஒன்றும் புரியாமல் போய் ஸ்விட்சை இறக்கினார். அறைக்குள் நின்றேன். வெறிச்சென்று இருந்தது. போடச் சொன்னேன். மேற்குச் சுவர் வழியாக, சாக்கையும் மெத்தையையும் தாண்டி, அந்த முனகல் வந்து நிரம்பியது. கீபோர்டில் அஞ்சு கட்டையைத் தொட்டேன். மோட்டார் அதற்கு ஒரு மயிரிழை மேலே ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவின் திறந்த காதில் விழுந்தது அதுதான். ஹெட்போன் இருந்த பக்கம் நான், மறுபக்கம் மோட்டார். முப்பது வருஷம் மேடையில் நின்றவர், அறை முழுக்க அசையாமல் நிற்கிற சுருதி எதுவோ அதைப் பிடித்துக்கொண்டார். எட்டு தடவையும் அதைவிட்டு நூலளவு நகரவில்லை. நான்தான் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து, சுருதியில் நிற்கத் தெரியவில்லை என்று கத்தியிருக்கிறேன். மோட்டார் சத்தத்தில் குடியிருக்கிறவளுக்கு மோட்டார் கேட்காது. சென்னையில் இருப்பவருக்குக் கேட்டது, சேற்றுக்காலோடு வந்தவருக்குக் கேட்டது.

ஒரு சந்தேகம் வந்து பழைய வேலைகளைத் திறந்து பார்த்தேன். அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் போட்ட எல்லாம் அஞ்சு கட்டை. மருமகள் அழுவது அஞ்சு கட்டை. மாமியார் யோசிப்பது அஞ்சு கட்டை, யோசித்து முடிப்பதும் அஞ்சு கட்டை. மோட்டார் ஓடும் நேரத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, அதற்குப் பக்கத்துக் கட்டை எதுவோ அதிலேயே இரண்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறேன். பாம்புச் செவியாம். கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் சொம்புத் தண்ணீர் சிந்தியது.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். கீபோர்டில் ஒட்டுமொத்தச் சுருதியையும் மயிரிழை ஏற்றிக்கொள்ள வசதி இருக்கிறது. ஏற்றினேன். வயலினில் தந்தியை முறுக்கும் பிருடைகளைத் திருகி ஏற்றி, என் பகுதியை மறுபடி வாசித்தேன். அக்காவின் குரலை ஒன்றும் செய்யவில்லை. அடியில் இருந்த மோட்டாரையும் விட்டுவைத்தேன். ஓட விட்டுக் கேட்டேன். பஸ் கிளம்புகிறது, ஜன்னலோரம் ஒரு பொம்பளை பாடுகிறாள், அவ்வளவுதான் இருந்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் இல்லை, வெட்கத்தில்.

இயக்குநர் கேட்டுவிட்டு உடனே கூப்பிட்டார். "சென்னையில வேணாம்னு சொல்லிட்டேன் மேடம். இதான் பாட்டு. கடைசி வரிய மட்டும் மாத்தி எழுதியிருக்கோம், அவங்க வந்து அத மட்டும் பாடிட்டாப் போதும். சூட்டிங்குக்கு இப்போ இருக்கறதையே வச்சுக்கறேன்." பிறகு கேட்டார்: "அன்னிக்குச் சுருதி சரியில்லன்னீங்களே, எப்படி மெஷின்ல இவ்ளோ நல்லா சரி பண்ணீங்க?"

"பண்ணிட்டேன் சார்," என்றேன்.

இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. வாய் அப்படியே சொல்லிவிட்டது. பத்து வயது சின்னவரிடம், முதல் படத்தில், பக்கத்தில் ஓடுகிற மோட்டார் எனக்குக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

அக்கா பத்து நாளாகியும் போனை எடுக்கவில்லை. நேரில் போனேன். மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருந்தார்கள். அக்கா சமையற்கூடத்து வாசலில் உட்கார்ந்து, மிச்ச முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா."

செல்போனில் பாட்டை வைத்து இயர்போனை நீட்டினேன். ஒன்றை மட்டும் காதில் மாட்டிக்கொண்டார். முழுசும் கேட்டார். கேட்கும்போது கையிலிருந்த முட்டையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"மெஷின்ல திருத்தினதா?"

"இல்லக்கா. நீங்க பாடினது பாடினபடி இருக்கு. பாட்டத்தான் உங்ககிட்ட கொண்டாந்தேன்." மோட்டார் கதையைச் சொன்னேன். ஒன்றையும் விடாமல், சீரியல் பிட் வரைக்கும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அன்னிக்கு வீட்டுக்குப் போயி என்ன பண்ணேன் தெரியுமா? குழுக்காரருக்குப் போன் போட்டு, ஆடிக்கு என்னைச் சேக்காதீங்கன்னு சொல்லிட்டேன். இனிமே எப்பவுமே சேக்க வேணாம்னு சொன்னேன். முப்பது வருஷமா ஜனங்க பாவம் பாத்துக் கை தட்டியிருக்காங்கன்னு நெனச்சேன்டி. நீ சொன்னதால நெனச்சேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் போடான்னு வந்திருப்பேன். நீதான எனக்குச் சுருதி குடுத்தவ."

தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என் தப்புதான் அக்கா, மன்னிச்சிருங்க என்றேன்.

"எங்கிட்டத் தனியா வந்து சொல்றது எனக்கு வேணாம். அந்த டைரக்டர் எதிர்ல சொன்ன. அவர் எதிர்லயே சொல்லு. அவருக்கு இன்னமும் எனக்குச் சுருதி சேரலன்னுதான நெனப்பு?"

"ஆமாக்கா. அவர்கிட்ட மெஷின்ல சரி பண்ணதாச் சொல்லிட்டேன்."

அப்போதுதான் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். "அடிப்பாவி. சரி வர்றேன். ஆனா மோட்டார் ஓடணும். அது ஓடினாத்தான் எனக்கு வரும்."

ஓடாமலே பாட வைத்திருக்கலாம். இசையைத்தான் ஏற்றியாயிற்றே, ஹெட்போனில் கேட்டுப் பாடினால் போதும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியாமல் இருக்காது. சரி என்று ஒத்துக்கொண்டு வந்தேன்.

இதில் மாட்டிக்கொண்டது என் கணவர். அதற்குள் ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. நடவு முடிந்து மோட்டாரை நிறுத்திப் பல நாளாகியிருந்தது. "வேர் புடிக்கற நேரம். இப்பப் போயி தண்ணி ஏத்தினா பயிர் முங்கிரும். உன் பாட்டுக்காக நான் தண்ணிய எங்க கொண்டு போயி விட?" என்றார். திட்டிக்கொண்டே குழாய் போட்டுக் குட்டைக்கு வழி பண்ணினார். பேரிங்கை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

அக்கா வந்த அன்று மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் நேரத்துக்கு வரவில்லை. இயக்குநரும் வந்துவிட்டார். எல்லாரும் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா அதே பட்டுப்புடவை. கால்மணி, அரைமணி போனது. இயக்குநர் மேலே பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்கு மேடம் காத்துக்கிட்டிருக்கோம்? கரண்டுதான் இருக்கே."

அக்கா காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"மோட்டாருக்குக் காத்திருக்கோம் சார்," என்றேன். "அன்னிக்குச் சுருதி பிசகினது அக்கா இல்ல. நான்தான். சுவத்துக்கு அந்தப் பக்கம் ஓடின மோட்டாரை அவங்க கேட்டாங்க, எனக்குக் கேக்கல. அவங்க ஒரு சுரம்கூட நகரல. நான் மெஷின்ல எதையும் சரி பண்ணல, உங்ககிட்டச் சொன்னது பொய். என் கீபோர்டத்தான் அவங்க இருந்த எடத்துக்கு ஏத்தினேன்."

இயக்குநர் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அன்று செல்போனை எடுத்துப் பார்த்தது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சாரிம்மா," என்றார்.

"இவளுக்குப் பாம்புச் செவி சார்," என்றார் அக்கா. "அதான் மோட்டார் கேக்கல."

வாசலில் என் கணவர்தான் பெரிதாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஏசிக்குப் பக்கத்திலிருந்த ஸ்டெபிலைசர் டிக்கென்றது. "வந்திருச்சு, போடட்டுமா?" என்று கத்திக்கொண்டே அவர் கொட்டகைக்கு ஓடினார். சுவர் வழியாக முனகல் வந்தது. அக்கா எழுந்துபோய் ஹெட்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டார். நானும் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரே தடவைதான். அந்த வரி, அதற்கு முந்தைய வரிக்குப் பின்னால் அன்றைக்கே பாடியது போல வந்து உட்கார்ந்தது. இரண்டாவது தடவை எடுக்கட்டுமா என்று இயக்குநர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா எங்கள் எல்லார் முன்னாலும் குழுக்காரருக்குப் போன் போட்டார். "ஆடிக்கு நான் வர்றேன். மூணாம் வெள்ளி நம்ம சீர்காழிப் பக்கம்தான? கீபோர்டுக்கு ஆளு தேட வேணாம். எங்கிட்ட ஒருத்தி இருக்கா." என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படத்தில் அக்கா பேர் கொட்டை எழுத்தில் வந்தது. எனக்கு அடுத்து இரண்டு படங்கள் வந்தன. இப்போது பாட்டுப் போடுவதற்கு முன் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் கட்டையை முடிவு செய்கிறேன். அந்த முதல் பாட்டைப் பற்றி யார் கேட்டாலும், அடியில் ஓடுவது எங்கள் வீட்டு மோட்டார் என்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

அதற்கெல்லாம் முன்னால், அந்த வருஷ ஆடி மூன்றாம் வெள்ளி, மாரியம்மன் கோயில் மேடையில் பல வருஷத்துக்குப் பிறகு கீபோர்டுக்குப் பின்னால் நின்றேன். சீரியல் பார்க்கிற பெண்கள் சிலர் என்னை அடையாளம் தெரியாமலேயே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மைக்கைப் பிடித்தார். பழைய வழக்கப்படி திரும்பி என்னைப் பார்த்தார். நான் கட்டையைத் தொடவில்லை. "எடுங்கக்கா," என்றேன். அவர் எடுத்தார், நான் போய்ச் சேர்ந்துகொண்டேன்.